மேக்கம்மா எழுதிய வரியை அழித்தவர்கள் வாசித்தளிக்கும் மடல்

தொகுபடாத நிரலையும் தொகுத்துத் தந்த தூயவரே, பிழைச்செய்தி கண்டு பதறாத பெருமாட்டியே, இன்று பணி ஓய்வு பெறும், கல்லூரியே மேக்கம்மா என்று வாயார அழைக்கும் எங்கள் கணினி ஆய்வகத்தின் தொழில்நுட்ப உதவியாளரே, வணக்கம்.

சி என்னும் கணினி மொழியில் மாணவர் எழுதும் நாற்பது வரி நிரலுக்கும், அதாவது புரோகிராமுக்கும், ஒரு மேக்ஃபைல் உண்டு. எந்தக் கோப்பு மாறினால் எதைக் கணினி ஓட்டும் வடிவுக்குத் திரும்பத் தொகுக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் அந்தச் சின்னஞ்சிறு கோப்பின் முன்னால், பட்டம் பல பெற்ற நாங்கள் பேந்தப் பேந்த விழித்து நின்றபோதெல்லாம், முப்பத்தொரு ஆண்டுகளாக, முகம் சுளிக்காமல் வந்தீர்கள். வந்ததும் திரையைப் பார்க்க மாட்டீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "கடைசியா எதைத் தொட்டீங்க?" என்று மட்டும் கேட்பீர்கள். "எதையுமே தொடலைம்மா" என்று நாங்கள் சாதிப்போம். பத்து நிமிடத்தில் எங்கள் குட்டு உடைந்துவிடும். அதை ஒருநாளும் துறைத்தலைவரிடம் நீங்கள் சொன்னதில்லை.

இந்த அளவில் வாழ்த்திவிட்டு அமரத்தான் நினைத்திருந்தோம். ஆனால், பொய்யை எழுதி அதற்குக் கண்ணாடிச் சட்டமும் போட்டுக் கொடுக்க மனம் வரவில்லை.

சென்ற வாரம் நீங்கள் ஓய்வூதியத் தாள்களோடு அலுவலகத்தில் அலைந்துகொண்டிருந்தபோது, செய்முறைத் தேர்வுக்காக உங்கள் மேக்ஃபைலை அழகுபடுத்தினோம். நிரலுக்கு வேண்டிய எண்களை வைத்திருக்கும் தலைப்புக் கோப்பின் பெயர் அதில் ஒரு வரியில் இருந்தது. வேண்டாத சுமை என்று எடுத்துவிட்டோம். அதன்பின் மாணவர்கள் தலைப்புக் கோப்பில் செய்த திருத்தத்தைக் கணினி கண்டுகொள்ளவில்லை. புதிதாகச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது. நாங்களும் அதை நம்பி, பழைய நிரலையே ஓட்டி, தப்பான விடைக்காகப் பதினேழு பேருக்குப் பூஜ்யம் போட்டோம்.

"நான் மாத்தித்தான் சார் வச்சேன், நீங்களே திறந்து பாருங்க. இதுல போயிட்டா வீட்டுல படிப்பை நிறுத்திடுவாங்க" என்று நேற்று ஒரு மாணவி வந்து சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

அழித்த வரியை நினைவிலிருந்து எழுதிச் சேர்த்தோம். இப்போது ஒரு நிரலும் தொகுபடவில்லை. ஏழாம் வரியில் பிழை என்கிறது. ஐந்து பேர் மாறி மாறிப் பார்த்தும் ஏழாம் வரியில் எங்கள் கண்ணுக்கு ஒரு குறையும் படவில்லை. உங்கள் பழைய கோப்பின்மேலேயே சேமித்து அதையும் தொலைத்துவிட்டோம். எந்தப் பூஜ்யம் மாணவருடையது, எந்தப் பூஜ்யம் எங்களுடையது என்று சொல்ல வழியில்லை. மதிப்பெண் பட்டியல் இன்று மாலை ஐந்து மணிக்குப் போகிறது. நாளை முதல் யாரிடம் போய் நிற்பது என்று நினைத்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நோயறியா உடலும் நிறைந்த உறக்கமும் பேரப்பிள்ளைகளின் கூச்சலும் சூழ நீடு வாழ்க. இனி எவரும் உங்களைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பாதிருக்கட்டும். இன்று ஒரு நாள் மட்டும் எழுப்புகிறோம். பதினான்காம் கணினியை அணைக்காமல் வைத்திருக்கிறோம். பின்னால் வந்து நின்றால் போதும், தட்டச்சு நாங்கள் செய்கிறோம். கண்ணாடியைத் துடைத்தபடி நீங்கள் கேட்கப்போகும் கேள்விக்கு, முப்பத்தொரு ஆண்டில் முதன்முறையாக உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: உங்கள் வரியைத்தான் தொட்டோம்.

இப்படிக்கு,
பூஜ்யம் போட்ட கையோடு,
ஆய்வக ஆசிரியர்கள் ஐவர்