பாரிஸ் நேரத்து அட்டமி

இந்த வீட்டில் தேநீர் போடுவது எப்போதும் நான்தான், தம்பி. சுகந்தினி போட்டால் சாயம் கூடிப்போகும். மத்தியானம்வரை நாக்கில் நிற்கும். சீனி போடவில்லை, வேண்டுமென்றால் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. மருமகன் வந்திருக்கிறார், நல்ல முருங்கைக்காய் வாங்கவேண்டும் என்று அவள் காலையிலேயே சான்ட்ரிங்ஹாம் கடைகளுக்கு வெளிக்கிட்டுவிட்டாள். ஒவ்வொரு காயையும் முறுக்கிப் பார்த்து எடுக்கிறவள். பிறகு பஸ்ஸுக்கு வேறு நிற்கவேண்டும். நாங்கள் ஆறுதலாகக் கதைக்கலாம்.

"மாமா, மாமியின்ரை டிக்கெட்டை ஏன் மாத்தினீங்கள்?" என்று கேட்டீர்கள். பாரிசிலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வந்து, நிலானியின் சேலைகளையும் வளையல்களையும் தாயின் மடியில் வைத்துவிட்டு, தாய் வாசல் படலையைத் தாண்டும்வரை காத்திருந்து கேட்டீர்கள். நல்ல பிள்ளை நீங்கள். டிக்கெட் எடுத்தது நீங்கள், திகதி மாறியது ஆக்லாந்திலிருந்து. அதை ஒருநாள் கவனிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வந்த நாளிலிருந்து என்னைப் பார்க்கும் பார்வையே சரியில்லை. நேற்று என் மேசை லாச்சியை இழுத்துப் பார்த்ததும் தெரியும். பரவாயில்லை. நான் ஒளித்து வைக்கிற ஆள் இல்லை.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். எங்கள் இருவரிடமும் இருப்பது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அகதியாகப் போய், லண்டன் பெட்ரோல் நிலையங்களில் குளிரில் நின்று பெற்ற பாஸ்போர்ட். ஆக்லாந்தின் எல்லர்ஸ்லியில் எனக்குக் கணக்காளர் வேலை கிடைத்து இங்கே வந்தபிறகும் அதை நாங்கள் விடவில்லை. நிலானி உங்களைக் கட்டிப் பாரிசுக்கு வந்ததும் அந்தப் பாஸ்போர்ட் சுகந்தினிக்குப் பெரிய வசதியாகப் போயிற்று. நினைத்தபோது போவாள், நினைத்தமட்டும் இருப்பாள். ஒருமுறை உங்கள் ஊர்க் குளிருக்குப் போனவள் கோடையும் முடிந்துதான் வந்தாள். அவ்வளவு காலமும் நான் இங்கே பாணும் முட்டைப்பொரியலும்.

பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு விலகியபோது எங்கள் சனமெல்லாம் தலையில் கைவைத்தது. நான் கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். இனி எந்த ஆறு மாதத்தை எடுத்தாலும் அதில் தொண்ணூறு நாள்தான் அவள் அங்கே நிற்கலாம். எனக்காக யாரோ சட்டம் போட்டது போல இருந்தது. ஆனால் பாஸ்போர்ட்டில் முத்திரை தேடிப் பக்கம் புரட்டுகிற அதிகாரிக்கும் அலுப்பு வரும்தானே. ஒருமுறை நாலு நாள் கூடுதலாக நின்றாள், ஒருவரும் கேட்கவில்லை. பிறகுதான் விரலையும் முகத்தையும் பதிகிற இயந்திரங்கள் வந்தன. உள்ளே போனது எப்போது, வெளியே வந்தது எப்போது என்று எல்லாம் அதற்குத் தெரியும். அந்தச் செய்தியை நான் கவனமாக வாசித்தேன். சுகந்தினி செய்தி வாசிப்பதில்லை.

கடைசியாகப் போனபோது அவள் பெட்டிக்குள் திருவலையை வைத்தாள். தேங்காய் துருவுகிற திருவலை, அவளுடைய தாய் கொடுத்தது. திரும்பி வருகிற மனிசி திருவலையைக் கொண்டு போவாளா, நீங்களே சொல்லுங்கள். கேட்டேன். "அங்கை துருவின தேங்காய் வாயிலை வைக்கேலாது" என்றாள். நம்பவில்லை. அதன்பிறகு அவளுடைய பேச்சு எல்லாவற்றையும் கூர்ந்து கேட்கத் தொடங்கினேன். ஒருநாள் உங்கள் ஊர்க் கடையில் நின்றபடி, "வீட்டை போய் எடுக்கிறன்" என்று போனை வைத்தாள். எந்த வீடு? இன்னொரு நாள் வீடியோவில் அவளுக்குப் பின்னால் புதுக் கட்டில் தெரிந்தது. நீங்கள் வாங்கிப் போட்டது. விருந்தாளிக்கு யாராவது கட்டில் வாங்குவார்களா? உங்கள்மேல் எனக்கு அப்போதிருந்தே சந்தேகம், தம்பி. என்னுடைய ஆளை மெல்ல மெல்ல எடுக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன். இப்போது கோபமில்லை.

இனி டிக்கெட்டுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் நாள் பார்க்காமல் ஒருவரும் பயணம் வெளிக்கிடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நாள் பார்ப்பது நான். கோயில் ஆட்களே என்னைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் பஞ்சாங்கம் யாழ்ப்பாண நேரத்துக்குக் கணித்தது; அதை ஆக்லாந்துக்கு மாற்றவேண்டும், பாரிசுக்கு மாற்றவேண்டும். அங்கே இரவில் முடியும் திதி இங்கே விடியும்வரை நிற்கும். இந்தக் கணக்கு தலையைச் சுற்றும் என்று எல்லோரும் என்னிடம் விட்டுவிட்டார்கள். நான் சொன்னதை இதுவரை ஒருவரும் சரிபார்த்ததில்லை.

நீங்கள் எடுத்த டிக்கெட் ஒரு புதன்கிழமைக்கு. தொண்ணூறுக்குள் கச்சிதமாக இருந்தது. அந்தக் கிழமை நீங்களும் நிலானியும் வேலை விஷயமாக லியோனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். சுகந்தினி தனியே இருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, புதன் நல்ல நாளோ?"

பார்த்தேன். பஞ்சமி. நல்ல நட்சத்திரமும்கூட. பயணத்துக்கு அதைவிட நல்ல நாள் அந்த மாதத்தில் இல்லை.

"பாரிஸ் நேரத்துக்கு அட்டமி விழுகுது" என்றேன். "அடுத்தநாள் நவமி. பிறகும் மூண்டு நாள் சரியில்லை. திங்கள் வெளிக்கிடும்."

"பிள்ளையும் வந்திடும், சொல்லிப்போட்டு வரலாம்" என்று அவளுக்குச் சந்தோஷம். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "அந்தத் தொண்ணூறு நாள் பிரச்சினை வராதே?"

"பொங்கலுக்கு லண்டனிலை தங்கச்சி வீட்டை போய் வந்தனீர்தானே? வெளியாலை போய் உள்ளுக்கு வந்தால் கணக்குத் திரும்பப் புதுசாத் தொடங்கும்."

அப்படி எதுவும் தொடங்காது. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே அவளும் நம்பினாள். நான் இங்கிருந்தே திகதியை மாற்றினேன். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை. மிச்சத்தை இயந்திரம் செய்தது.

விமான நிலையத்தில் விரலை வைத்ததும் அவளைத் தனி அறைக்குக் கூட்டிப்போனார்கள். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. தாலியைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். திரும்ப ஐரோப்பாவுக்குள் வரத் தடை என்று கையில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். இங்கே வந்து இறங்கியபோது என் தோளில் சாய்ந்து, "நாள் பாத்து வெளிக்கிட்டும் இப்பிடி நடந்திட்டுதே" என்று கேட்டாள். எங்கள் கிரகம் சரியில்லை என்று சொன்னேன். அன்று குத்தரிசிச் சோறும் பருப்பும் நானே சமைத்து வைத்திருந்தேன். இரண்டுபேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். உண்மையைச் சொல்கிறேன், எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு வயிறு நிறைந்தது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. கிழவன் தனிமையில் ஒரு பிழை செய்துவிட்டான், நிலானிக்கு அப்படி வருமென்று அவன் என்ன கண்டான் என்று. நீங்கள் அப்படியே நினைத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் ஒளிக்கிற ஆள் இல்லை என்று சொல்லிவிட்டேனே.

நீங்கள் லியோனுக்குப் போகவில்லை. பாரிசில் ஆஸ்பத்திரியில் நிலானியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். அவளை அறுவைக்கு எடுப்பதற்கு முதல் நாள் அவள் எனக்குப் போன் எடுத்தாள். உங்களுக்கு அது தெரியாது. நான் எல்லர்ஸ்லியில் காருக்குள் இருந்து கேட்டேன்.

"அப்பா, அம்மாட்டை இப்ப சொல்லாதேங்கோ, பயந்திடுவா. அம்மா சரியான நாளிலை வெளிக்கிடட்டும். ஒருநாள் பிந்தினாலும் பிறகு விசா எடுக்கேலாது. ஒழுங்காப் போனால் நீண்டகால விசாவுக்குப் போடலாம். மருந்து தொடங்கேக்கை எனக்கு அம்மா பக்கத்திலை வேணும். எவ்வளவு காலம் எண்டு தெரியாது, அப்பா. நீங்கள்தான் பாத்துக்கொள்ளவேணும்."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். எவ்வளவு காலம் என்று தெரியாது என்றாளே, அந்த ஒரு சொல்தான் எனக்குள் நின்றது. சுகந்தினி அப்படி ஒரு தடவை போனால், மகளுக்குச் சுகமானால் மகளோடு இருந்துவிடுவாள். சுகமாகாவிட்டால் மகளை எரித்த ஊரை விட்டு வரமாட்டாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் எனக்கு ஆள் இல்லை. சுகந்தினி புதன்கிழமையைப் பற்றிக் கேட்டது அடுத்த நாள்.

தடை விழுந்த பிறகு நிலானி கூப்பிட்டாள். அம்மா ஏன் பிந்தினவ என்று கேட்டாள். "நான் எவ்வளவோ சொன்னனான், பிள்ளை. கொம்மா நாள் பாக்கவேணும் எண்டு அடம்பிடிச்சவ" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் தாயோடு கதைப்பதைக் குறைத்தாள். நோயால் களைப்பு என்று நீங்கள் சுகந்தினியிடம் சொல்லிவந்தீர்கள், நல்லதுதான். கடைசிக் கிழமையில் ஆஸ்பத்திரி டாக்டரிடம் வாங்கி நீங்கள் அனுப்பிய கடிதம் எனக்கு வந்தது. அதைக் காட்டினால் எல்லையில் இரக்கப்பட்டு விட்டாலும் விடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் சுகந்தினியிடம் சொல்லவில்லை. விட்டுவிடுவார்கள் என்று எனக்கும் தோன்றியது, அதனால்தான்.

மகளின் செத்தவீட்டைச் சுகந்தினி போனில் பார்த்தாள். நான்தான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை உளைந்தும் நான் அதைக் கீழே இறக்கவில்லை.

இப்போது உங்களுக்கும் தெரியும், தம்பி, ஆளில்லாத வீட்டுக் கதவில் திறப்பைப் போட்டு நுழைவது எப்படி இருக்கும் என்று. நீங்கள் ஒருவராவது என்னை விளங்கிக்கொள்வீர்கள் என்றுதான் இவ்வளவும் சொன்னேன். ஏன் எழும்புகிறீர்கள்? இருங்கள். அவள் வந்ததும் சொல்லவேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் மகளும் போய், நானும் இப்படி என்று தெரிந்தால் அவளிடம் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். அவளை நான் நன்றாகத்தான் வைத்திருக்கிறேன். ராத்திரியில் அழுதால் எழும்பி லைட்டைப் போடுகிறேன். மருந்தை நேரத்துக்குக் கொடுக்கிறேன். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் என்னை இப்படித் தேடியதில்லை.

இன்று காலை, கடைக்குப் போக முன்பு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி உங்களை விட்டால் எனக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டாள். ஒருவரும் இல்லை என்றேன். நான் அவளுக்கு ஒருநாளும் பொய் ஆறுதல் சொல்வதில்லை.