இன்னொரு வாட்டி மிதிங்க

திண்டிவனத்தில் பஸ் ஏறிய கூடைக்காரம்மா முன்சீட்டுக்காரரின் காலைத் தெரியாமல் மிதித்துவிட, அவர், "இன்னொரு வாட்டி மிதிங்கம்மா" என்றார். சண்டைதான் என்று நான் பயந்துபோனேன்.

பக்கத்திலிருந்த அவர் மனைவி சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்கக்கா. காய்ச்சல் வந்து, நரம்பு மேல இருக்கிற உறை போயிடுச்சு. முட்டிக்குக் கீழ ஒன்னுமே தெரியாம கெடந்தாரு. இப்ப தெரிஞ்சுதோ என்னமோ."

"போன உறை திரும்ப வருமா?" என்று கேட்டார் கூடைக்காரம்மா.

"வருமாம். நரம்பு சேதி அனுப்புனா, பக்கத்து செல்லு வந்து சுத்திக்கினு உறை போடுமாம். டாக்டரு சொன்னாரு."

"உள்ளுக்குள்ளயே கூப்ட்டுக்குதா!"

"ஆமாக்கா. நான் கூப்ட்டாதான் இவரு வரமாட்டாரு."

கூடைக்காரம்மா மெல்ல மிதித்தார்.

"தெரியுது" என்றார் அவர்.

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, தன் பாதத்தை அவர் பாதத்தின்மேல் வைத்தார். விழுப்புரம் வரும்வரை எடுக்கவில்லை.