ஓட்டோவின் வெள்ளை

அல்பாக்காக் குட்டிகள் பெரும்பாலும் காலையில்தான் பிறக்கும், பொலிஸ் ஐயா. குளிர் இறங்குவதற்குள் உரோமம் காய்ந்துவிட வேண்டுமே. நான் சொல்வதைச் சந்திரகாந்தி தங்கச்சி உங்களுக்கு ஜெர்மன் பாஷையில் பெயர்த்துச் சொல்லட்டும். எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் தங்கராசா. மன்னாரில் உப்பு வாரினேன். இங்கே வந்து கோழி வெட்டும் தொழிற்சாலையில் நின்றேன். பிறகு ஹம் நகருக்கு வெளியே திருமதி கெஸ்லரின் அல்பாக்காப் பண்ணையில் வேலை கிடைத்தது. அங்கே பெட்டைகளோடு சேர விடும் பொலிகடா ஓட்டோ. திமில் இல்லாத குட்டி ஒட்டகம் போல இருப்பான். பால் வெள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் சனங்கள் பிள்ளைகளோடு வந்து அவனைக் கட்டிப்பிடித்துப் படம் எடுப்பார்கள். மந்தையில் பிறந்ததெல்லாம் அவன் நிறம், அவன் நெற்றிமயிர், அவன் நடை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. வேலியில் சாய்ந்து அதுகளைப் பார்த்துக்கொண்டு நின்றால் சோறும் மறந்துபோகும்.

தொண்ணூற்று ஐந்தில் ஒரு குட்டி கோணல் முகத்தோடு பிறந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பால் குடிக்க முடியாமல் செத்தது. தகப்பன் ஓட்டோ, தாய் ஓட்டோவின் மகள், அதுதான் காரணம் என்றார் மிருக வைத்தியர். இனி அவனை மகள்களிடம் விடக்கூடாது. அவன் குட்டி இன்னொன்று இப்படிப் பிறந்தால் அவனைக் காயடிக்க வேண்டும் என்றும் சொன்னார். திருமதி அழுதார். பிறகு ஹூகோ என்ற மண்ணிறக் கடாவை வாங்கி வந்தார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் பக்கம் சொந்தத்துக்குள்தான் கட்டுவோம். என் அப்பாவும் அம்மாவும் மச்சான் மச்சாள். என் முகத்தில் என்ன கோணல்? கோழித் தொழிற்சாலைக் கூட்டாளி நடேசன் அண்ணையிடம் இதைச் சொன்னேன்.

"மச்சாளைக் கட்டுறது வேற, மகளைக் கட்டுறது வேறயடா," என்றார்.

"அதுகளுக்கு ஆர் மச்சாள், ஆர் மகள் எண்டு தெரியுமோ அண்ணை?"

"உனக்குத் தெரியுந்தானே. நீதானே படலை திறக்கிறனி."

பட்டி வேலியின் படலை திறந்தது நான்தான். திருமதி காலையில் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போவார். அவர் கார் தெருமுனையில் மறைந்ததும் ஓட்டோவை மகள்களிடம் விடுவேன். மாலையில் அவர் பார்த்துக்கொண்டு நிற்க, அதே பெட்டைகளிடம் ஹூகோவை விடுவேன். பெட்டை முதலில் வந்தவனுக்குத்தான் சினைப்படும். ஹூகோ பாவம், வெறும் சாட்சி.

அடுத்த வருஷம் கோணல் முகங்கள் வந்தன. தாய்களும் வெள்ளை என்பதால் நிறத்தை யாரும் கேட்கவில்லை. "ஹூகோவின் இரத்தம் கெட்டது," என்றார் திருமதி. வைத்தியர் நெற்றியைச் சுருக்கினார். அவரிடமும் வேறு விளக்கம் இல்லை. ஹூகோ இறைச்சிக்குப் போனான். வண்டியில் ஏற்றியது நான். ஏறும்போது என் விரல்களை மோந்து பார்த்தான். சாதுவான பிராணி, அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

பிழை என் காய்ச்சலால் வந்தது. ஹூகோ போவதற்குச் சற்று முன் ஒருநாள் காலை எனக்கு எழும்ப முடியவில்லை. அன்று மாலை ஓட்டோவின் மகள்களில் லோட்டெ என்ற பெட்டையிடம் ஹூகோ மட்டுமே போனான். இந்த மே மாதம் அவள் ஈன்றாள். மண்ணிறக் குட்டி. முகம் நேர். தானாக எழும்பி, மடியைத் தேடிப் பிடித்துக் குடித்தது. நல்ல குட்டி, ஐயா. திருமதி அதைப் பார்த்தால் ஹூகோவில் குறையில்லை என்று தெரிந்துவிடும். பிறகு எல்லோரும் ஓட்டோவின் பக்கம் திரும்புவார்கள்.

அல்பாக்கா மூக்கால்தான் மூச்சு விடும். ஒரு உள்ளங்கை போதும். லோட்டெ என் முதுகை மோந்துகொண்டு நின்றாள்.

செத்துப் பிறந்தது என்றேன். திருமதி மண்டியிட்டு அதன் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கில் பால் இருந்தது.

"தங்கா, செத்துப் பிறந்தது எப்படிப் பால் குடித்தது?"

அவர் உங்களைக் கூப்பிட்டார். அதனால் ஒப்புக்கொள்கிறேன். கோணல் குட்டிகள் என் வேலை. ஹூகோ போனது என் வேலை. மண்ணிறக் குட்டியை என் கையால் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஓட்டோவைக் காயடிக்க நாளை வைத்தியர் வருகிறாராம். தங்கச்சி, இதை மட்டும் வடிவாகச் சொல்லுங்கோ: ஒரு வாயில்லாச் சீவனை அப்படிச் செய்ய மனிதருக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ.