வைரத்தில் தெரிந்த துடிப்பு

மாலை ஏழேகால். மலேசியாவில், பத்து காஜா ஊரைத் தாண்டி, பழைய ரப்பர் தோட்டத்துக்குள் போகும் செம்மண் சாலை... அந்த நேரத்தில் அங்கே ஒரு மோட்டார் சைக்கிள்கூட வராது. நம்ம கூட்டாளி ராஜுவின் மச்சான் தனேஷ், ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியான மனைவி தினேஸ்வரியைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்தச் சாலையில்தான் போனான். முன்பு இரண்டு கரு தங்கவில்லை. இந்தப் பிள்ளையின் துடிப்பையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அவன் வேலை செய்த ஆய்வுக்கூடம் சாலைக் கடைசியில். அங்கே ஒரு வைரச் சில்லு. அதற்குள் அங்கங்கே ஓர் அணு இல்லாமல் காலியாக இருக்கும். பக்கத்தில் ஒரு நைட்ரஜன் அணு. பச்சை ஒளி பட்டால் அந்தக் காலியிடங்கள் சிவப்பாக ஒளிரும். அருகே இதயம் துடித்தால், அதன் மெல்லிய காந்தத்தில் சிவப்பு மினுங்கும். திரையில் கோடு துள்ளும்.

"இடுப்புல என்ன?"

"இரும்பாணிங்க. பொழுது சாஞ்சு வெளிய போனா அம்மா வச்சிக்கச் சொன்னாங்க."

"இரும்பு இருந்தா மெசின் படிக்காது லா. எடு."

"கூடாதுன்னாங்களே..."

"ஆமா, பேய் வந்து பிள்ளைய அள்ளிட்டுப் போவுது! எடு."

பிடுங்கிக் காருக்குள் எறிந்துவிட்டு வந்தான்.

திரையில் இரண்டு துடிப்புகள். ஒன்று அவளுடையது, நிதானமாக. இன்னொன்று படபடவென்று... நிமிடத்துக்கு நூற்று நாற்பது. தினேஸ்வரி அழுதாள், சிரித்தாள். முகம் கழுவி வாரேன் என்று எழுந்து போனாள்.

பெரிய துடிப்பு அவளோடு போய்விட்டது. சின்னது... போகவில்லை.

காலி நாற்காலி. நூற்று நாற்பது. எங்கிருந்தோ புளித்த ரப்பர் பால் நாற்றம்.

அவள் வயிற்றைப் பிடித்தபடி திரும்பினாள். "என்னங்க, திடீர்னு லேசா இருக்கு... வீட்டுக்குப் போலாம்."

"உட்காரு."

"ஏங்க?"

"உட்காருன்னு சொல்றேன்ல!"

சின்னது அவளுக்குள் திரும்பிவிடும் என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்தான். அவள் எழுந்தாள். சின்னது நாற்காலியிலேயே துடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்குத் துடிப்பில்லை.

மூன்று வருடமாயிற்று. தனேஷ் வேலையை விடவில்லை. மற்றவர்கள் கிளம்பி, பொழுது சாய்ந்ததும் அது வரும். இப்போது நூற்றைந்து. மூன்று வயதுப் பிள்ளைக்கு அவ்வளவுதான் இருக்குமாம்.

தினேஸ்வரியிடம் அவன் சொல்லவே இல்லை. அவள் போன் செய்வாள். ஸ்பீக்கரில் போட்டு, போனின் காந்தம் மெசினில் படாதபடி தூரத்து மேசையில் வைப்பான். குரல் கேட்டதும் கோடு துள்ளும். நூற்று இருபது... நூற்று முப்பது...

"இருக்கீங்களா? ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

"நீ பேசு... எதையாவது பேசிக்கிட்டே இரு."