மூன்றாவது சரணம்

—டீயெல்லாம் வேணாம் டெஸ்ஸா. கையை விடு. கடிகாரம் பூட்ஸுக்குள்ள இருந்துச்சுன்னு உனக்கு யார் சொன்னா? அதை மட்டும் சொல்லு.

—என்ன கடிகாரம்? இங்க பாருக்கா, முதல்ல உட்காரு. ஒன்றரை மணி நேரம் டிரக்கை ஓட்டிக்கிட்டு நாஷ்வில் வரைக்கும் வந்துட்டு, வாசல்ல நின்னு கத்துற. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பார்க்கிறா. நான் அனுப்பின ஆல்பத்தைக் கேட்டியா இல்லையா?

—கேட்டதனாலதான் வந்திருக்கேன். ஏழாவது பாட்டு.

—‘இடது பூட்ஸ்’! அடடா, உனக்கும் அதானா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஸ்டுடியோவுல ஒரே தடவையில வாசிச்சு முடிச்சாங்க தெரியுமா? ஸ்டீல் கிடார் வாசிக்கிற பெரியவர் மூக்கைச் சிந்திக்கிட்டே வெளிய போயிட்டாரு. நாப்பது வருஷமா வாசிக்கிறவரு, அவரே...

—டெஸ்ஸா!

—என்னக்கா?

—ரெண்டாவது சரணம் வந்ததும் டிரக்கை ஓரங்கட்டினேன். பெட்ரோல் பங்குக்கு முன்னாடி, எல்லாரும் பார்க்க, புல்லுல வாந்தி எடுத்தேன்.

—அவ்வளவு மோசமாவா பாடியிருக்கேன்?

—விளையாடாதடி! அந்தச் சரணத்தைச் சொல்லு. பாடாத. சும்மா வாயால சொல்லு.

—சரி, சரி, சொல்றேன். ‘கழட்டி வச்ச பூட்ஸு ரெண்டும் பலகை மேல காத்திருக்கு. இடது காலு பூட்ஸுக்குள்ள கடிகாரம் ஓடிக்கிட்டிருக்கு. காலுறைய மேல வச்சு மூடினது யாரு கை? தண்ணி மட்டும் ஒண்ணுந் தெரியாம வானம் பார்த்துக் கிடக்குது.’ போதுமா? அதுக்கப்புறந்தான் பாட்டே இருக்கு.

—அதோட நிறுத்திட்டேன்.

—ரெண்டாவது சரணத்தோடயா? நீ நிஜமாவே டென்னசிக்காரிதானா? நம்ம கன்ட்ரி பாட்டுல கதை திரும்புறதே மூணாவதுலதானேக்கா! சமையல் பாதியில அடுப்பை அணைச்சுட்டு, வேகலைன்னு சொல்ற மாதிரி இருக்கு.

—ஆண்டவரே... டெஸ்ஸா, நான் சொல்றதைக் கேளு. அந்தப் பாட்டை எடுத்துடு.

—எங்கிருந்து?

—ஆல்பத்துல இருந்து. இன்னைக்கே. வெள்ளிக்கிழமை அது வெளிய வரக்கூடாது.

—உனக்கு என்ன ஆச்சு? இன்னைக்குப் புதன். இசைத்தட்டு அச்சாகி, அட்டை போட்டு, லாரியில ஏறிடுச்சு. ஷிகாகோ கடையில அடுக்கிக்கூட வச்சிருப்பாங்க.

—திரும்ப வாங்கு.

—திரும்ப வாங்கவா? இது என்ன, அளவு சரியில்லாத செருப்பா? இங்க பாருக்கா. முதல் ஆல்பம் வந்ததே யாருக்கும் தெரியாது. ரெண்டாவதுக்கு எனக்கு ஒரு மினுமினு ஜாக்கெட்டை மாட்டி, எவனோ எழுதின பீர் பாட்டைப் பாட வச்சாங்க. நம்ம சர்ச்சுல ரெண்டு மாசம் எவளும் என்கிட்டப் பேசலை. இது மூணாவது. இதுவும் விழுந்துச்சுன்னா கல்யாண வீட்டுல பாடித்தான் சாப்பிடணும். பன்னெண்டு பாட்டும் என் பாட்டு, என் குரல். ரேடியோக்காரங்க முதல்ல கேட்டது ‘இடது பூட்ஸ்’தான். அதைப் புடுங்கி எறின்னா எப்படி?

—அது ராய்ஸ் கதை.

—ஆமா. இல்லேன்னு யார் சொன்னா? நம்ம மாற்றாந்தகப்பன் குடிச்சுட்டுப் பண்ணைக்குட்டையில விழுந்து செத்தது ஊருக்கே தெரியும். அதை ஒரு கொலையா மாத்தினோம், அவ்வளவுதான். கொலைப்பாட்டு இல்லாத கன்ட்ரி ஆல்பம் உப்பில்லாத சோளரொட்டி மாதிரி. சர்ச்சுல முன்வரிசையில உட்கார்ற கிழவிங்களே ரசிச்சுக் கேட்பாங்க. பாடினவ எவளையும் போலீஸ் பிடிச்சுட்டுப் போனதில்ல.

—லேமன் கேட்பான்.

—ராய்ஸோட தம்பியா? அவன் இன்னும் இருக்கானா?

—இருக்கான். வருஷா வருஷம் ஆகஸ்ட் வந்தா ஷெரிஃப் ஆபீசுக்கு போன் பண்ணுவான். ‘எங்க அண்ணன் குளிக்கப் போனாக்கூட கடிகாரத்தைக் கழட்ட மாட்டான். பிணத்துக் கையில இல்ல. பூட்ஸுக்குப் பக்கத்துலயும் இல்ல. அப்போ எங்க போச்சு?’ இருபத்திரெண்டு வருஷமா இதே கேள்வி. அந்த போனை எடுக்கிறது யாரு?

—நீதான். உன் வேலையே அதானே.

—அந்த வேலைக்கு நான் ஏன் போனேன்னு என்னைக்காவது யோசிச்சியா? ஸ்கூல்ல டீச்சராகணும்னு சொல்லிக்கிட்டிருந்தேன். பத்தொன்பது வயசுல போய் ஷெரிஃப் ஆபீஸ்ல போன் எடுக்க உட்கார்ந்தேன்.

—சம்பளம் நல்லாயிருக்குன்னு சொன்ன.

—எவனாவது போன் பண்ணி ‘நான் பார்த்தேன்’னு சொன்னா, அது முதல்ல என் காதுல விழணும்னு உட்கார்ந்தேண்டி.

—என்னத்தைப் பார்த்தேன்னு? அக்கா... வேர்னாக்கா, ஏன் இப்படி அழற? இந்தா, துண்டு. முகத்தைத் துடை.

—உனக்கு அப்போ எட்டு வயசு. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்கு எதுவரைக்கும் ஞாபகம் இருக்கு?

—ஞாயித்துக்கிழமை. சர்ச் விட்டு வந்தோம். நான் அப்பாவோட சின்னக் கிடாரை வச்சுக்கிட்டுப் படியில உட்கார்ந்திருந்தேன். ராய்ஸ் சத்தம் பொறுக்கலைன்னு கிடாரைப் புடுங்கிட்டுப் போனான். நான் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சேன். அப்புறம் நீ வந்து கிடாரை என்கிட்ட உள்ள தள்ளிவிட்ட. நனைஞ்சு இருந்துச்சு. மழையான்னு கேட்டேன். ஆமான்னு சொன்ன.

—அன்னைக்கு ஏதுடி மழை.

—அதே கிடார்தான் இப்போ அட்டைப்படத்துல இருக்கு.

—பார்த்தேன். அதைப் பார்த்தே பாதி உயிர் போச்சு. டெஸ்ஸா, அவன் அதைக் குட்டையில எறிஞ்சுட்டு, தண்ணிக்கு மேல நீட்டியிருக்கிற பலகையில உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டிருந்தான். பூட்ஸைக் கழட்டி வச்சுட்டு, காலைத் தண்ணியில ஆட்டிக்கிட்டு. ‘அடுத்தது அந்தச் சின்னக்குட்டி டெஸ்ஸாவையும் எறியறேன், மிதக்குதான்னு பார்ப்போம்’னான். முந்தின நாள்தான் அம்மா கையை முறுக்கி விரலை ஒடிச்சிருந்தான். எனக்குப் பதினாறு வயசு. நான் பின்னாடி நின்னேன். தள்ளிட்டேன்.

—இல்ல.

—விழும்போது என் கையைப் பிடிச்சான். நான் அவன் மணிக்கட்டைப் பிடிச்சு உதறினேன். கடிகாரப் பட்டை அறுந்து என் கையோட வந்துடுச்சு. அவன் தலை பலகையில கட்டியிருந்த படகு விளிம்புல ‘டங்’னு பட்டுச்சு. உள்ள போனான். மேல வரலை.

—அக்கா, வேணாம். நிறுத்து.

—நான் எண்ணினேன். ஒண்ணு, ரெண்டுன்னு முப்பது வரைக்கும் எண்ணினேன். வரலை. கடிகாரத்தை என்ன பண்றதுன்னு தெரியலை. எண்ணிக்கிட்டே பூட்ஸுக்குள்ள போட்டேன், காலுறையைத் திணிச்சு மூடினேன், கிடாரை எட்டி எடுத்தேன், முப்பது ஆனதும் ஓடினேன். சாயங்காலம் ஷெரிஃப் வந்து பூட்ஸைக் கவிழ்த்துக் காட்டினாரு. காலுறைதான் விழுந்துச்சு. கடிகாரம் இல்ல.

—கடவுளே.

—அப்போ எவனோ எடுத்திருக்கான். எவனுக்கோ தெரியும். இருபத்திரெண்டு வருஷமா ஊருல ஒவ்வொருத்தன் முகமா பார்க்கிறேன். இவனா, இவளான்னு. ரெண்டு பேர் என்னைக் கட்டிக்கிறேன்னு வந்தாங்க, வேணாம்னுட்டேன். எந்தப் படுக்கையில என்ன உளறுவேன்னு யாருக்குத் தெரியும்? இன்னைக்கு உன் குரல்ல கேட்கிறேன், ‘இடது காலு பூட்ஸுக்குள்ள’ன்னு. இடதுன்னு எனக்கே பாதி மறந்து போச்சு. பாட்டைக் கேட்டதும் ஞாபகம் வந்துச்சு, ஆமா, இடதுதான்.

—எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா, பைபிள் மேல அடிச்சுச் சொல்றேன், எனக்கு ஒண்ணுமே தெரியாது.

—அப்போ எப்படி எழுதின?

—இரு. முதல்ல கம்பெனிக்கு போன் பண்றேன். பாட்டை எடுத்துடலாம். தட்டை அரைச்சுப் போட்டாலும் பரவாயில்ல. மானம் போகட்டும், ஆல்பமே போகட்டும், நான் கல்யாண வீட்டுலயே பாடிக்கிறேன். நீ ஜெயிலுக்குப் போய், அந்தக் காசுல நான் சோறு தின்னணுமா?

—டெஸ்ஸா, போனைக் கீழ வை. எப்படி எழுதினன்னு கேட்டேன்.

—நான் எழுதலைக்கா.

—என்னது?

—முதல் சரணமும் பல்லவியும் நானும், என்கூடப் பாட்டு எழுதுற டாய்லும். இதோ, இந்த மேசையிலதான். அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு இங்க தங்க வந்த மூணாவது வாரம். அந்த மூலையில உட்கார்ந்து பட்டர் பீன்ஸ் உரிச்சுக்கிட்டிருந்தாங்க. எங்களுக்கு ரெண்டாவது சரணம் வரவே இல்ல. டாய்ல் தொப்பியைக் கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி, எதுவும் நடக்கலை. திடீர்னு அம்மா பீன்ஸுல இருந்து தலையைத் தூக்காமலே நாலு வரி சொன்னாங்க. நாங்க ரெண்டு பேரும் வாயைப் பிளந்துட்டோம்.

—அம்மாவா? வாழ்நாள்ல ஒரு வரி எழுதாத அம்மாவா?

—கொஞ்ச நேரம் கழிச்சு மூணாவதையும் சொன்னாங்க. டாய்ல் ‘நான்’ வேணாம், ‘அவள்’னு போடலாம், ரேடியோவுக்கு நல்லதுன்னான். அம்மா முடியாதுன்னுட்டாங்க. ‘நான்’னுதான் வரணும்னு ஆபரேஷன் ஆன இடுப்போட எழுந்து நின்னுட்டாங்க. அப்புறம் இன்னொண்ணு கேட்டாங்க. ‘பாட்டு எழுதும்போது அறையில இருந்தவங்க பேரெல்லாம் போடுறது உங்க வழக்கமாமே? என் பேரையும் போடு’ன்னு. பெருமைக்குக் கேட்கிறாங்கன்னு நினைச்சேன். அட்டையைத் திருப்பிப் பாரு.

—‘இடது பூட்ஸ். எழுதியவர்கள்: டெஸ்ஸா ஹார்கிஸ், டாய்ல் மேப்ரி...’

—படி.

—‘ஓபல் ஹார்கிஸ்.’

—அக்கா. மூணாவது சரணம் நீ கேட்கவே இல்லைல்ல?

—இல்லேன்னுதான் சொன்னேனே. ஏன் உனக்கு முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?

—நான் அதை நாப்பது தடவை பாடியிருக்கேன். சும்மா கதைன்னு நினைச்சுப் பாடியிருக்கேன். ஐயோ, அக்கா...

—என்னடி இருக்கு அதுல? சொல்லித் தொலை!

—அவளைத் திட்டாத, வேர்னா. நான் சொல்றேன்.

—அம்மா! நீ எப்ப வந்த? அந்த வாக்கர் எங்க, கையில பிடிக்காம ஏன் நடக்கிற?

—பின்வாசல்லதான் இருந்தேன். உன் டிரக் சத்தம் கேட்டப்பவே வந்துடலாம்னு பார்த்தேன், இந்த இடுப்பு விடணுமே. நாற்காலியை இழு கண்ணு. டெஸ்ஸா, என் தையல் டப்பாவை எடுத்துட்டு வா. பித்தான் எல்லாத்தையும் கொட்டு. அடியில துணியில சுத்தியிருக்கும்.

—இது... அம்மா, இது அந்தக் கடிகாரம்.

—சரி, சரி. பட்டை அறுந்திருக்கா பாரு. நீ அறுத்ததுதான். ஷெரிஃப் வர்றதுக்குள்ள நான்தான் பூட்ஸுல இருந்து எடுத்து வச்சேன்.

—உனக்குத் தெரியுமா? இத்தனை வருஷமா தெரியுமா? நான் தள்ளினதை நீ பார்த்தியா?

—துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேன். கொடியில கிடந்த போர்வைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் குட்டை. ஓரத்தை விலக்கிப் பார்த்தேன்.

—அப்போ ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?

—நீ சொல்லுவேன்னு நான் இருந்தேன். நான் கேட்பேன்னு நீ இருந்த. ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை ஒரே பெஞ்சில உட்கார்ந்து பாட்டுப் பாடிட்டு வந்தோம். ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்போதான் பயம் வந்துச்சு. இதைச் சொல்லாம நான் போயிட்டா, இவ கடைசி வரைக்கும் இதைச் சுமந்துக்கிட்டு அந்த போன் முன்னாடியே உட்கார்ந்திருப்பாளேன்னு. எழுந்து வந்தும் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரலை. பாட்டுல வந்துச்சு. முழுசாக் கேட்பேன்னு நினைச்சேன். பாட்டைப் பாதியில நிறுத்துற பழக்கம் உனக்கு எங்க இருந்து வந்துச்சு?

—லேமன் கேட்பான்ம்மா. ஷெரிஃப் கேட்பாரு. உன் பேரு போட்டிருக்கு!

—கேட்கட்டும். அதுக்குத்தான் போடச் சொன்னேன். அந்தப் பாட்டை எவளும் எடுக்கக்கூடாது. டெஸ்ஸா, சொல்லு அந்த மூணாவதை.

—என்னால முடியாதும்மா.

—நாப்பது தடவை பாடினல்ல? அக்காவுக்கு ஒரு தடவை சொல்லு.

—‘மூடின தண்ணி வாயைத் திறந்து முழுசா அவனைத் துப்பிடுச்சு. கோரைப் புல்லைப் பிடிச்சுக்கிட்டு இருமி இருமிக் கரை வந்தான். எம்பொண்ணு பேரைச் சொல்லிச் சொல்லிக் கழுத்தைத் திருகுவேன்னு சொன்னான். கூடையைக் கீழ வச்சேன், குனிஞ்சு அமுக்கினேன், தண்ணி திரும்ப மூடிச்சு.’

—அம்மா... இது பாட்டுக்காகத்தானே? கதை திரும்பணும்னு சேர்த்ததுதானே? நான் முப்பது வரைக்கும் எண்ணினேன்ம்மா. அவன் வரவே இல்ல.

—அவன் முப்பத்தஞ்சுல வந்தான் கண்ணு. நீ ஓடிட்ட.