பாப்பாவைத் தேடிய பிற்பகல்கள்

எனக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது. கல்யாண வீட்டுக்குக்கூட ஆட்கள் கலைந்த பிறகுதான் போவேன். அப்படிப்பட்டவன் தலையில்தான், ஊரே திரண்ட ஒரு போராட்டத்தைப் படமாகத் தொகுக்கும் வேலை வந்து விழுந்தது.

வீட்டு வேலை செய்யும் பெண்களின் போராட்டம் அது. அந்த நாட்களில் உங்கள் வீட்டிலும் பாத்திரம் தேங்கியிருக்கும். வாரத்தில் ஒரு நாள் விடுப்பு, எல்லோரும் ஏறும் லிஃப்டில் ஏற அனுமதி, ‘ஏய்’ என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. அவர்கள் கேட்டது இவ்வளவுதான். மைதானத்தில் உட்கார்ந்தவர்களைக் கடைசி நாள் காலையில் தடியால் அடித்துக் கலைத்தார்கள். எங்கள் இயக்குநர் வயதில் சின்னவர், துணிச்சல்காரி. நாலு கேமராக்களில் எல்லாவற்றையும் எடுத்திருந்தார். எடுத்ததை என் அறையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, “அண்ணே, நீங்களே பொறுமையா பாருங்க. அந்தக் கடைசி நாளை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்ல” என்றார்.

என் அறை ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கிறது. திரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடியிருப்பேன். நாள்கணக்காக யாரிடமும் பேசாமல் இருந்திருக்கிறேன். ஒருமுறை யாரோ தவறிப்போய் என் எண்ணுக்குப் போன் செய்தார். அவர் உடனே வைத்துவிடக் கூடாதே என்று, அவர் தேடிய ஆளின் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவை அழைத்துவந்ததும் இயக்குநர்தான். என்னைப் பெற்ற அம்மா இல்லை. அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டது. அவர்களும் வீட்டு வேலை செய்பவர்கள், அவர்கள் மகளும் அப்படித்தான். தடியடியில் ஓடும்போது மகள் கை நழுவிப் போய்விட்டாள். பெரிய ஆஸ்பத்திரிகள், காவல் நிலையங்கள் எல்லாம் அலைந்துவிட்டார்கள். படத்தில் எங்காவது தெரிகிறாளா என்று பார்க்க வேண்டுமாம்.

“மஞ்சள் துப்பட்டா போட்டிருந்தா தம்பி. பாப்பான்னு கூப்பிட்டா எங்க இருந்தாலும் திரும்பிப் பார்ப்பா” என்றார்கள். அவளுடைய நிஜப் பெயரையும் சொன்னார்கள்.

பிற்பகலில் வேலை முடிந்து வருவார்கள். முகம் முகமாக நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். முதல் நாள் கிளம்பும்போது, “சாப்பிட்டீங்களா தம்பி?” என்று கேட்டார்கள். காலையில் டீ குடித்ததைச் சொன்னேன். மறுநாள் கையில் டிபன் கேரியரோடு வந்தார்கள்.

அன்று அவர்கள் போன பிறகுதான் நாலாவது கேமராவின் காட்சிகளைப் போட்டுப் பார்த்தேன். அதில் பாப்பா இருந்தாள். இரண்டு பேர் அவளைத் தூக்கி ஒரு லாண்டரி வேனில் ஏற்றுகிறார்கள். தலையில் ரத்தம். கை அசைகிறது. வேன் கதவில் கடையின் பெயர் பளிச்சென்று தெரிகிறது. நாளைக்கு அம்மா வந்ததும் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் அவர்கள் வந்ததும் முதல் வேலையாக என் டீக் கோப்பைகளைக் கழுவி வைத்தார்கள். சாப்பிடும்போது பாப்பாவின் குறும்புகளைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த அறையில் அதற்கு முன் யாரும் சிரித்ததில்லை. இப்போது சொன்னால் பாதிச் சாப்பாட்டில், செருப்பைக்கூட மாட்டாமல் ஓடுவார்கள். அதன் பிறகு இந்தப் பக்கம் வர அவர்களுக்கு என்ன இருக்கிறது? “இன்னும் நிறைய இருக்கும்மா. நிதானமா பார்க்கணும்” என்றேன். அது பொய்யில்லை. பார்க்க வேண்டியது நிறையவே இருந்தது. அந்த ஒரு காட்சியை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன்.

ஈரமில்லாதவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். அந்த லாண்டரியைத் தேடிப் போனேன். “பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரியெல்லாம் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க சார். ஊருக்கு வெளிய ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலதான் எடுத்துக்கிட்டாங்க” என்றார் டிரைவர். அங்கேயும் போனேன். கடைசிக் கட்டிலில் கிடந்தாள். கண் திறந்திருந்தது, பார்வை எதிலும் நிற்கவில்லை.

“உங்களுக்கு வேண்டியவங்களா?” என்று நர்ஸ் கேட்டார்.

“இல்ல. வேற யாரோன்னு நெனச்சு வந்தேன்.”

“இவங்க பேரு தெரிஞ்சாக்கூடப் போதும். சொந்தக்காரங்க பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே சிலர் தெளிஞ்சு வந்திருக்காங்க.”

தலையாட்டினேன். அம்மாவுக்கு வேறு வேலை இருந்து என் அறைக்கு வராத நாட்களில் எல்லாம் அங்கே போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போவேன். பாப்பாவால் சாப்பிட முடியாது, நர்ஸ்கள் சாப்பிட்டார்கள். ஒருநாள் யாரும் பக்கத்தில் இல்லாதபோது, மெதுவாக “பாப்பா” என்றேன். அவள் கண் என் பக்கம் திரும்பியது. பிறகு நான் அப்படிக் கூப்பிடவில்லை.

அடுத்த முறை போனபோது கட்டில் காலியாக இருந்தது. “யாருமே தேடி வரல சார். கார்ப்பரேஷன்காரங்களே எடுத்துட்டுப் போய் எரிச்சிட்டாங்க” என்றார் நர்ஸ். அன்று பிற்பகல் அம்மா வந்ததும் என்னைப் பார்த்து, “ஏன் தம்பி முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்று கேட்டு, நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்கள். கை ஈரமாகக் குளிர்ந்திருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று இருந்தேன்.

படம் முடிந்தது. திரையிட்ட அன்று அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இயக்குநர் மேடையில் என் பொறுமையைப் பற்றிப் பேசினார். வெளியே வந்ததும் அம்மா, “அவ்வளவுதானா தம்பி? இனிமே பார்க்க ஒண்ணும் இல்லையா?” என்றார்கள்.

“இல்லம்மா.”

“சரி, நீங்க நல்லா இருங்க. எனக்காக எவ்வளவோ பார்த்தீங்க.”

அதன் பிறகு அவர்கள் வரவில்லை. பிற்பகலில் படிச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பேன். தையல் கடைக்கு வந்த யாராவது வழி தெரியாமல் ஏறியிருப்பார்கள்.

என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லாதபோது நானாக ஏன் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். இருக்குமிடம் தெரிந்தும் சொல்லாமல் அவளைச் சாகவிட்டவன் நான். பெற்றவளுக்கு அது தெரிய வேண்டாமா? அவர்களைக் கூப்பிட்டு அனுப்புங்கள். திட்டுவார்கள், அடிக்கவும் செய்யலாம். ஆனால் பாப்பா கடைசியில் எப்படி இருந்தாள் என்று கேட்க என்னை விட்டால் அவர்களுக்கு வேறு ஆள் இல்லை. ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை அது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொல்வேன். வேலை முடிந்து பிற்பகலில் வந்தால் போதும் என்று சொல்லுங்கள்.