பீரோக் கதவின் உள்பக்கம்

“நீ பொறந்த நேரத்தை நான் தேச்சுப்போட்டேன், செல்வி.”

ராயக்கோட்டை பஸ்ஸில் காலித் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இருந்த சீட்டில், கம்பெனிச் சட்டை போட்ட ஒருவர் தன் தங்கையிடம் இதைச் சொன்னார். அவள் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

“என்னண்ணா சொல்ற? ஜோசியருக்குக் காட்டணும், பீரோக் கதவுல எழுதியிருக்கறதைப் பாத்து எழுதிட்டு வான்னேனே!”

“அம்மா பீரோவை உன் கல்யாணத்துக்கு சீரா வைக்கலாம்னு புதுசாக்கினேன். நேத்து லீவு போட்டு, அந்தப் பழைய பச்சையை உப்புத்தாள் வச்சுத் தேச்சு எடுத்துட்டு, சில்வர் பெயிண்ட் அடிச்சேன்.”

“வெளியில அடிச்சா பத்தாதா? கதவுக்கு உள்பக்கம் யாரு பாக்கப்போறா?”

“கம்பெனியில பெயிண்ட் அடிக்கறப்ப உள்பக்கம் விட்டா ரிஜெக்ட் பண்ணிடுவாங்க. கை பழகிப்போச்சு.”

“அய்யோ! இப்ப யாரைப் போய்க் கேக்கறது? அம்மாவும் இல்ல, பிரசவம் பாத்த கிழவியும் இல்ல.”

“காலையில ஒம்பது மணின்னு சொல்லிடலாமா?”

தொரப்பள்ளிப் பக்கம் பஸ் குலுங்கிக் குலுங்கிப் போனது. அவர் உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவள் ஒரு கையைப் பிடித்துத் திருப்பினாள். நக இடுக்குகளில் பச்சைத் தூள் அப்படியே இருந்தது.

“அம்மா கையெழுத்துன்னு நம்மகிட்ட இருந்தது அது ஒண்ணுதாண்ணா,” என்றாள். கொஞ்ச நேரம் அந்த நகங்களையே பார்த்தாள்.

“வீட்டுக்குப் போறவரைக்கும் கையைக் கழுவாத.”